சுவரில் எழுதிய ஆண்டை விடையாக்காதீர்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்துப் பழைய பப்புகளின் (மதுக்கடைகளின்) வழியே துப்புத் துலக்கும் நடைகளை வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். கைபேசியில் ஒரு புதிர் வரும். விடை ஏதோ ஒரு பலகையிலோ நிலைப்படிக்கு மேலோ இருக்கும். கண்டுபிடித்தால் அடுத்த பப்புக்கு வழி கிடைக்கும். இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. லெமனேடை வாங்கி வைத்துக்கொண்டு உத்தரத்தை அண்ணாந்து பார்க்கும் ஆள் நான். என் குறை ஒன்றுதான்: புதிருக்கு விடை பெரும்பாலும் சுவரில் பெயிண்டால் எழுதிய ஆண்டாகவே இருக்கிறது.

கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் இருக்கும் 'ட்ரிப் டு ஜெருசலேம்' பப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. முதலாம் ரிச்சர்ட் இங்கிலாந்தின் அரசரான ஆண்டு அது. ஜெருசலேமை நோக்கிச் சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் இங்கே தங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. ஆனால் இன்று நாம் பார்க்கும் கட்டடம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தப் பெயரே 1799இல்தான் பதிவாகிறது. அதற்கு முன் 'பில்கிரிம்' என்று அழைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, 1189 என்று தட்டினால் "சரியான விடை!" என்று கைபேசி குதூகலிப்பது நியாயமா?

நல்ல புதிர் அந்த ஊரிலேயே இருக்கிறது. 'ட்ரிப்', மேட் மேரியன் வே என்ற சாலையோரத்தில் 'சல்யூட்டேஷன்', சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 'பெல் இன்' என மூன்றும் தங்களையே மூத்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. சல்யூட்டேஷன் சொல்வது 1240, பெல் சொல்வது 1437. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சில நிமிட நடைதான். எது மூத்தது என்று ஆடுகிறவர்களையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்களேன்.

தீர்ப்புக்குச் சான்று வேண்டும், அதில்தான் சுவாரஸ்யம். ஓக் மர உத்தரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக விழுந்த வளையங்களின் அகல வரிசையை, காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, மரம் வெட்டப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால் ஆண்டையே சொல்லிவிடலாம். ஆனால் இடித்த வீட்டு மரத்தை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். வேறு வேலைக்காகச் செதுக்கிய பழைய துளையும் காடியும் உத்தரத்தில் தெரிகிறதா என்று தேடச் சொல்வது எவ்வளவு நல்ல துப்பு! இந்தப் பப்புகளோடு சேர்ந்த குகைகளின் வயதைச் சொல்வது இன்னும் வம்பு. நாட்டிங்காமின் மணற்பாறை மென்மையானது, கைக்கருவியாலேயே குடையலாம். அதனால் ஊருக்கடியில் நூற்றுக்கணக்கான குகைகள். ஆனால் பாறையில் வளையம் கிடையாது. பெரும்பாலும் உள்ளே கிடைக்கும் உடைந்த பானை ஓடுகள் போன்றவற்றை வைத்தே பயன்படுத்திய காலத்தை ஊகிக்க வேண்டும். அப்புறம், குகை பழையது என்பதால் அதன் மேல் இருக்கும் கடையும் பழையதாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு நாலு பேர் கொண்ட அணி நாலு பதில் சொல்லும்.

கட்டுக்கதைகளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ட்ரிப்பில் இருக்கும் அந்தச் சபிக்கப்பட்ட கப்பல் பொம்மை கட்டாயம் இருக்கட்டும். தூசி தட்டியவர்கள் செத்துப்போனார்கள் என்று சொல்லி, இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். (துடைக்கச் சோம்பலாக இருந்த யாரோ கிளப்பிய கதை என்பது என் சந்தேகம்.) கதையைக் கதை என்றே சொன்னால் போதும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள்: துப்பு கிடைக்க ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று வைக்காதீர்கள். உள்ளே கூட்டம் நிரம்பி வழியும் சனிக்கிழமை மாலைக்கு, வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய ஒரு மாற்றுத் துப்பும் தேவை.

கடைசியில் ஒவ்வொரு அணியும் தன் தீர்ப்பையும் மூன்று சான்றுகளையும் பதிவு செய்யட்டும். முந்தைய அணிகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதை அதன் பிறகு காட்டுங்கள். இதற்கு மூன்று பப்காரர்களையும் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு.

இப்படிக்கு,
அடுத்த நடைக்குப் பெயர் கொடுக்கக் காத்திருக்கும் ஒருவன்