கெண்டைக்கால் பிடித்த கதை

பாப்பா,

பேரனை நீச்சலுக்குச் சேர்த்துவிட்டதாக நேற்று போனில் சொன்னாய். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு 13 வயதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறதா? 1995 சாஃப் கேம்ஸுக்காக, அதான் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அந்த வேளச்சேரி குளத்தில், 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில், சரியாக மூன்றாவது லெங்க்த் பாதியில் நின்று லேன் கயிற்றைப் பிடித்துக்கொள்வாய். மூன்று போட்டியில் இதே கதை. வாழைப்பழமாக வாங்கிக் குவித்தேன், எலக்ட்ரால் கரைத்தேன், எலும்பு டாக்டர் வரைக்கும் போனேன், அவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அம்மாதான் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "கால்ல ஒண்ணுமில்லை, நீங்க கேலரியில உட்காராம இருங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. (இன்றைக்கும் மெரினாவில் முழங்காலுக்கு மேல் இறங்காத ஆள், மேலே உட்கார்ந்து 'இழு, இழு' என்று கத்தியிருக்கிறேன்.) சரி என்று அடுத்த போட்டிக்கு வெளியே ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்குக் கால் பிடிக்கவில்லை. ஆறாவதாக வந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாய். நான் கேட்டது, "எத்தனை செகண்ட்?"

மாநில அளவில் ஒரு சான்றிதழ் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் என்று எனக்கு ஒரு கணக்கு. அந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு உடம்பு மாறும், டைமிங் கொஞ்ச நாள் நகராமல் நிற்கும், விட்டுப்பிடியுங்கள் என்று கோச் படித்துப் படித்துச் சொன்னார். நான் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைத்து, தாம்பரம் வரை ஸ்கூட்டரில் பேசிக்கொண்டே வருவேன், நீ பின்னால் ஈரத்தலையோடு வாயே திறக்க மாட்டாய். 15 வயதில் விட்டுவிட்டாய். அப்புறம் மார்க்கிலேயே சீட் கிடைத்தது, அது வேறு விஷயம்.

எல்லாமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்து உன்னைக் கூட்டிப்போனதும் இதே அப்பாதான். குளத்தில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும், விட்ட பிறகு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியாமல் போச்சு.

அடுத்த மாதம் வருகிறோம். பயலை ஒரு நாள் நான் கூட்டிப்போகட்டுமா? வேண்டாம் என்றால் நேராகச் சொல், வருத்தப்பட மாட்டேன். அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், மாப்பிள்ளைக்குத் தனி பாட்டில்.

அப்பா