விதை வைத்த அறையில் வேஷம் வைக்கலாம்: பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், வார்டு மெம்பர்களுக்கும், நம் பள்ளி பி.டி.ஏ. அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

நான் கேரளத்துப் பக்க எல்லையில் இருக்கும் நம் ஊர்க் கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள். 14 வருஷமாக நம் பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படித்தார்கள். அவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். நாடகச் சாமான் வைக்க ஒரு அறை வேண்டும் என்று இரண்டு தடவை மனுவாக எழுதிக் கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, ஸ்கூல்ல இருந்து வந்த சாக்குல கிரீடம் ஒண்ணு கெடக்குதுங்க. உங்க கைவேலை மாதிரி இருக்குது. வந்து பாக்கறீங்களா?"

பிளாஸ்டிக் சேர்த்து வைக்கும் ஷெட்டுக்குப் போனேன். பால் கவர் மூட்டைக்கும் செருப்பு மூட்டைக்கும் நடுவில் கிடந்தது. நான் செய்ததேதான். பழைய பேப்பரை மைதாப் பசையில் ஏழு அடுக்கு ஒட்டி, காயவைத்து, தங்கக் கலர் அடித்தது. அந்த வருஷம் அவசரத்தில் பசையில் மயில்துத்தம் கலக்க மறந்துவிட்டேன், எலி விடுமா? ஒரு பக்கம் தோசையைக் கடித்த மாதிரி வளைவாகக் கடித்திருந்தது. உள்ளே நெற்றி படும் இடத்தில் பனியன் துணி ஒட்டியிருப்பேன், அதில் மூன்று நான்கு பிள்ளைகளின் தேங்காய் எண்ணெய்க் கறை. ஓணத்துக்கு மாவேலி என்கிற மகாபலி ராஜாவுக்கும் அந்தக் கிரீடம்தான், ஆண்டு விழாவில் பாண்டிய ராஜாவுக்கும் அதேதான். எல்லையில் இருக்கிற பள்ளி என்றால் ஒரே கிரீடம் இரண்டு நாட்டை ஆள வேண்டியிருக்கிறது.

இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது, புதுப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோத்சவத்துக்கு முன்னால் சுத்தம் செய்தாக வேண்டும், மூலையில் கிடந்த பழசை அள்ளிப் போட்டார்கள். அது ஏன் மூலையில் கிடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பழைய ஓட்டுக் கட்டடம் இருந்தவரை மச்சு இருந்தது. நாடகச் சாமான் எல்லாம் அங்கே கிடக்கும். பல்லி எச்சம் உண்டு, தூசி உண்டு, ஆனால் ஈரம் கிடையாது. அப்புறம் அதை இடித்துப் புதுக் கட்டடம் வந்தது. நல்ல கட்டடம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். லைப்ரரி, லேப், மதிய உணவு ஸ்டோர் என்று ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயர் எழுதியிருக்கிறது. நாடகச் சாமானுக்கு மட்டும் பெயர் எழுதிய கதவு இல்லை. முதலில் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள், வழியை அடைக்கிறது என்று எடுத்தார்கள். பிறகு கழிப்பறைக்குப் பக்கத்தில். கடைசியில் சைக்கிள் ஷெட். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பழமொழி என்று நினைப்பவர்கள் ஜூலையில் இங்கே வந்து பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மூன்று பக்கம் திறந்த ஷெட்டுக்குள் சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ராணி வேஷத்துக்கு வாங்கிய மெரூன் வெல்வெட் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பூஞ்சணம் பிடித்து, பிரித்தால் மடிப்போடு கிழிகிறது.

இதனால் என்ன நஷ்டம், பழைய துணிதானே என்று ஒரு மெம்பர் கேட்டார். துணி போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. துணி போனால் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் வருத்தம். போன ஆண்டு விழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்தார்கள். ஒரு வேஷத்துக்கு அவர்கள் கேட்ட ஒரு நாள் வாடகை, அதே வேஷத்தைப் புதிதாகத் தைக்க நான் வாங்கும் கூலியைவிட அதிகம். அவரவர் வேஷத்துக்கு அவரவர் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கண்ணகியாக நடிக்க இருந்த பெண் மறுநாள் டீச்சரிடம் போய், தொண்டை சரியில்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா தோப்பில் தேங்காய் பொறுக்கப் போகிறவர். அடுத்த வாரம் அந்தப் பெண் ரவிக்கை பிடிக்க என் கடைக்கு வந்தாள். சும்மா கேட்டேன், வசனம் ஞாபகம் இருக்கிறதா என்று. மெஷின் பக்கத்தில் நின்றபடியே சிலம்பை உடைக்கும் இடம் வரை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் நம் பாலக்காடு ஜில்லா 1007 புள்ளி எடுத்து, ஒரே ஒரு புள்ளியில் திருச்சூரிடம் கோப்பையை விட்டது. நம் டீக்கடைகளில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. பேசட்டும், நானும் பேசினேன். 1957 முதல் நடக்கிற விழா, சப்-ஜில்லாவில் ஜெயித்து ஜில்லாவுக்குப் போய், அங்கிருந்து மாநிலம் வரை ஏற வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளின் தமிழ் நாடகத்துக்குக் கிடைக்கிற மேடை பள்ளி ஆண்டு விழா ஒன்றுதான். அந்த மேடையிலும் வாடகை கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் ஏறுவார்கள் என்றால் புள்ளிக் கணக்கு பேசி என்ன செய்ய?

கூத்துச் சாமானுக்கு இடம் ஒதுக்குவது இந்த ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. பாரதப்புழைக் கரைப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் பார்த்திருப்பீர்கள். தோல்பாவைக் கூத்துக்காகவே கட்டிய நீளமான மாடம், தேங்காய் மூடிகளில் 21 விளக்கு, திரைக்குப் பின்னால் கம்பனின் தமிழ்ப் பாட்டு. வருஷத்தில் சில ராத்திரிகளுக்காக ஒரு முழுக் கட்டடம்! மற்ற நாளில் அது பூட்டித்தான் கிடக்கிறது. இடத்தை வீணாக்குகிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை. ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பகவதிக்காக ஆடுகிற கூத்து அது. எங்கள் நாடகத்தைப் பார்க்கப் பகவதி வருகிறாளா தெரியாது, பிள்ளைகளின் பாட்டிகள் தவறாமல் வருகிறார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ் புது இடத்துக்குப் போனபிறகு பழைய கட்டடத்தின் பின்பக்க அறை பூட்டிக் கிடக்கிறது. விதையும் வேப்பம் புண்ணாக்கும் வைத்திருந்த அறை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், தப்பாக நினைக்க வேண்டாம். 12 அடிக்கு 10 அடி இருக்கும். மூட்டை தரையில் படாமல் இருக்கப் போட்ட மரப்பலகை அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கம் காற்றுத் துவாரம், அதில் எலி நுழையாமல் கம்பி வலை. புண்ணாக்கு வாசனை இன்னும் போகவில்லை, பூச்சி அண்டாமல் இருக்க நான் தனியாக ஒன்றும் வைக்கத் தேவையில்லை. விதைக்கு என்ன வேண்டுமோ அதேதான் வேஷத்துக்கும் வேண்டும். அந்த அறையைப் பள்ளி நாடகச் சாமானுக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

ஹைஸ்கூல் ஜில்லா பஞ்சாயத்துக்குக் கீழே வருகிறது, நாங்கள் எப்படிக் கொடுப்பது என்ற பதில் வரும் என்று தெரியும். பள்ளி அவர்களுடையது, அறை உங்களுடையது, பிள்ளைகள் உங்கள் வார்டில் குடியிருக்கிறார்கள். இதில் பிள்ளைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிராம சபை கூட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, வரும் சபையில் இதை வையுங்கள். கை தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று சொன்னால் கூட்டி வருகிறேன்.

இன்னொரு பயமும் இருக்கும்: கொடுத்தால் ஆறு மாதத்தில் குப்பை அறையாக்கிவிடுவார்கள். அது நியாயமான பயம். அதற்கு நாங்கள் செய்வதாகச் சொல்வது இவ்வளவுதான். நாடகம் முடிந்த வாரமே துணியெல்லாம் துவைத்து, உள்பக்கம் வெளியே வர நிழலில் காயவைப்போம். வேர்வையோடு மடித்து வைத்த உடைக்கு வேறு எதிரி தேவையில்லை. வெல்வெட்டை மடிக்கக் கூடாது, மூங்கிலில் தொங்கவிட வேண்டும். ஜரிகை வைத்ததைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு வைப்போம், அந்துருண்டை வேண்டாம், ஜரிகை கறுத்துவிடும். அரண்மனை வரைந்த படுதாவை ஒரு புண்ணியவான் நாலாக மடித்து வைத்ததில் தூணெல்லாம் குறுக்கே வெடித்துப் போனது. இனிமேல் உருளையில் சுற்றித்தான். எடுப்பது வைப்பது எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்படும். வருஷத்துக்கு ஒரு தடவை, எதைத் தைத்துச் சரி செய்யலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பாதித் தெர்மகோல் போக வேண்டியதுதான்.

சாவி ஊர் நூலகமான வாயனசாலையில் இருக்கட்டும். சாயங்காலம் திறந்திருக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கன்வாடிக்கோ, பக்கத்து எல்.பி. (ஆரம்பப்) பள்ளிக்கோ, குடும்பஸ்ரீ மகளிர் குழு ஆண்டு விழாவுக்கோ வேண்டுமென்றால் எடுத்துப் போகலாம், துவைத்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

களத்து வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. வயல் தோப்பாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. நெல் கொட்டி வைத்த உங்கள் வீட்டுப் பத்தாயம் இப்போது காலியாகக் கிடக்கிறதா, பழைய பாய் போட்டு வைத்திருக்கிறீர்களா? எலி ஏறாத, ஈரம் இறங்காத அப்படி ஒரு மரப்பெட்டி இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. விற்க மனம் வராதவர்கள் அறைக்கு ஒன்று கொடுங்கள். வீட்டுப் பெயரை அதன் மேல் எழுதி வைக்கிறோம்.

கிரீடத்தை ஒட்டிச் சரி செய்துவிட்டேன், இந்தத் தடவை மயில்துத்தம் கலந்து. சிம்மாசனம் மட்டும் இன்னும் சைக்கிள் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. அதன் அகலம் 3 அடி, உங்கள் அறைக் கதவு 2 அடி 9 அங்குலம். அளந்து பார்த்துவிட்டேன், கால் பக்கத்தை முதலில் விட்டுச் சாய்த்தால் உள்ளே போய்விடும்.

இப்படிக்கு,
கடைவீதி தையற்காரி
சித்தூர் தாலுக்கா, கிழக்கு எல்லை