மறைந்தவர்கள் குரலில் பிரச்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் கலைஞரும் இதே தொழில்நுட்பத்தால் ஒரு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018-இல், ஜெயலலிதா 2016-இல்.

ஜெயலலிதாவின் அந்த ஆடியோவை என் பெரியம்மா வாட்ஸ்அப்பில் கேட்டபோது பக்கத்தில் இருந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். இது கம்ப்யூட்டர் குரல் என்றேன். "தெரியும்டா, ஆனாலும் அவங்க பேசுற மாதிரியே இருக்கே" என்றார். அந்த 'ஆனாலும்'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

போலிப் பதிவுகள் தெரியவந்த 3 மணி நேரத்தில் அவற்றை நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்னது. சரி, நல்லதுதான். ஆனால் கட்சி தன் பக்கத்தில் நீக்கினாலும், குடும்பக் குழுக்களுக்குள் போய்விட்டதை யார் நீக்குவது? தொடக்கத்தில் மட்டும் அறிவிப்பு வைத்தால், அதை வெட்டிவிட்டு அனுப்புவது ஒரு நிமிட வேலை. பேச்சின் நடுநடுவே "இது செயற்கைக் குரல்" என்று ஒலிக்க வேண்டும். மறைந்த தலைவர்களின் குரலில் ஓட்டுக் கேட்பதையே ஆணையம் தடை செய்தால் இன்னும் நல்லது.

- ஒரு வாசகர், திண்டுக்கல்