அப்பா பெயரில் ஒரு பிள்ளை படிக்கட்டும்

அரூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீ, மருமகள், குட்டி எல்லோரும் நலம்தானே? டொரண்டோவில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக மருமகள் சொன்னாள். குட்டிக்குக் காதை மூடி அனுப்புங்கள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீயும் சங்கடப்படுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான்.

அப்பா பெயரில் உதவித்தொகை வைக்க நீ எழுதி அனுப்பிய திட்டத்தை மூன்று முறை படித்தேன். 20 லட்சம் ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. உன் உழைப்பு அது. அப்பா இருந்திருந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிருப்பார், கண்ணைத் துடைத்துக்கொள்ள. நீ இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருப்பதால் நீ அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அந்தக் கவலை வேண்டாம். ஆனால் திட்டத்தில் சிலதை மாற்ற வேண்டும் கண்ணு. ஏன் என்று சொல்கிறேன்.

‘ஹெல்த் ஈக்விட்டி’ படிக்கிற மேற்படிப்பு மாணவர்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். தமிழில் சுகாதார சமத்துவம் என்கிறார்கள். எந்த ஊரில் பிறந்தாலும், ஏழையானாலும், நலமாக வாழ எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். விஷயம் முன்னாலேயே தெரியும்.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது அப்பாவின் 2001-ம் வருஷத்து டைரி கிடைத்தது. பெரும்பாலும் கணக்குதான்: பால், பேப்பர், உன் ஸ்கூல் பீஸ். நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி எழுத்து. அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரை பேனா பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

வலி கண்டது காலை 6. குழந்தை பிறந்தது மதியம் 2. நஞ்சுக்கொடி விழவில்லை. சொல்லி அனுப்பியது 4. டோலி கிளம்பியது 5. அடிவாரம் இரவு 9.30. லாரி கிடைத்தது 10.45. ஆஸ்பத்திரி 11.50. டாக்டர் —

டாக்டர் என்று எழுதி ஒரு கோடு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த ராத்திரி நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மலையிலிருந்து நான்கு பேர் மூங்கிலில் கம்பளி கட்டி அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். மழை. நானும் அப்பாவும் லாரியில் கூடவே போனோம். நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். சேர்ந்த இடத்தில் அன்றைக்கு ரத்தமும் இல்லை, டாக்டரும் இல்லை. விடிவதற்குள் போய்விட்டாள். வயது இருபதுகூட இருக்காது. குழந்தை மேலே பத்திரமாக இருந்தது. சின்னம்மா ஒருத்தி பால் கொடுத்தாள்.

எங்கள் நர்ஸ் பயிற்சியில் மூன்று தாமதங்கள் என்று ஒரு பாடம் உண்டு. கூட்டிப் போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் ஒன்று. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் எந்த இடத்தில் நேரம் போனது என்று இப்படித்தான் பிரித்துப் பார்ப்பார்கள். அப்பா அந்தப் பாடம் படிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர், ஊருக்குக் கம்பவுண்டர். ஆனால் மூன்று தாமதமும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியது. அதையும் சொல்ல வேண்டும். 2008-ல் 108 வந்தது. மலை ஊர்க் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போதே வந்து தங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய் வரை உயர்ந்தது. இப்போது ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு, கலெக்டர் வரை கேட்கிறார்கள். 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 54 என்பது சென்னையையும் எங்கள் மலையையும் ஒன்றாகக் கலந்த எண். மலைக்கு மட்டும் எவ்வளவு, ஏன் என்று கேட்க யாராவது படித்துவிட்டு வர வேண்டும்.

அப்பாவுக்கு இந்தச் சமத்துவம் ஒரு மாத்திரை அட்டையில் தெரிந்தது. முன்பெல்லாம் வருஷக் கடைசியில் மருந்து தீர்ந்துபோகும். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரியே ஒரு பாஸ்புக். இவ்வளவு தொகை உனக்கு, எடுக்கிற மருந்துக்கு ஏற்பக் கழித்துக்கொள் என்று. கிடங்கிலிருந்து பெட்டி வந்த அன்று அப்பா ஒரு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். “சென்னைப் பெரியாஸ்பத்திரியில கொடுக்கிற அதே மாத்திரை, பாரு” என்றார். மறுநாள் முதல் வேலையாக அதைத் திருப்பி வைத்தார். அரசாங்கச் சொத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மழை நாளில் பிறந்த குழந்தைக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ஆயா, அவள் பாட்டிதான், வளர்த்தாள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். அவளுக்கு எம்.பி.எச். படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பொது சுகாதாரத்தில் முதுகலை, இரண்டு வருஷம். சென்னை அயப்பாக்கத்துத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலும் திருவனந்தபுரத்து அச்சுத மேனன் மையத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் படிப்பு. இடம் கிடைத்ததை யாரிடமும் சொல்லாமல், வேண்டாம் என்று எழுதப் போனவளை அவள் ஆயா என்னிடம் அனுப்பி வைத்தாள்.

ஏன் என்று கேட்டேன். கட்டணம்தான் காரணம் என்று நினைத்தேன். இல்லை. பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு 2.5 லட்சத்துக்குள் வந்துவிடுவாள். பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினாள். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு 9,000. அதில் ஆயா சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிற நாளின் பஸ் செலவுவரை தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறாள். “ரெண்டு வருஷம் நான் படிக்கப் போயிட்டா ஆயா சாப்பாட்டுக்கு என்ன பண்ணும் நர்சம்மா?” என்றாள்.

கண்ணு, உன் திட்டத்தில் வருஷம் பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு 14,000 ரூபாய், நினைவு நாளில் மண்டபத்தில் விழா என்று இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பணம் படிக்கலாமா வேண்டாமா என்பதை மாற்றாது. நான் போட்ட கணக்கைப் பார். 20 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டால் 7 சதவீதம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,40,000. மாதம் 11,600 சொச்சம். ஒரே பிள்ளைக்குக் கொடு. அதில் 9,000 அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேராகப் போகட்டும், மீதி களப்பணிக்கு அலைகிற பஸ் செலவுக்கு. இரண்டு வருஷம் முடிந்ததும் அடுத்த பிள்ளை. விழாவே வேண்டாம். அந்த மண்டபத்து வாடகையில் ஒரு மாதச் சாப்பாடு இருக்கிறது.

மதிப்பெண் வரிசையும் வேண்டாம். அவர்கள் ஊரில் ஒரு நோயாளி எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார், எங்கெங்கே நேரம் போகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லு. சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அங்கே உள்ளூர்ப் பெண்களையே சேர்த்து நர்ஸ் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். அதில்தான் அந்த ஆஸ்பத்திரி நிலைத்தது என்பது என் எண்ணம். முப்பத்தைந்து வருஷம் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். அப்படியும் என்னிடம் சொல்லாததை மலைப் பெண்கள் தங்கள் ஊர்ப் பெண்ணிடம் சொல்வார்கள். கணக்கெடுக்கப் போகிறவளும் அப்படிப்பட்டவளாக இருக்கட்டும்.

படித்து முடித்ததும் மூன்று வருஷம் மலையில் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கலாம் என்கிறாய். உன் நோக்கம் நல்லது. ஆனால் அதை எடுத்துவிடு. உன்னை விமானம் ஏற்றும்போது நாங்கள் பத்திரம் வாங்கவில்லை. நீயாகத்தானே இப்போது இந்தப் பணத்தோடு வருகிறாய்?

முதல் உதவியை அவளுக்கே கொடு என்றுதான் கேட்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த பிள்ளையிலிருந்து முறைப்படி தேர்வு செய்யலாம். நானும், ஓய்வு பெற்ற நம் டாக்டரம்மாவும், மலையிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். வருகிற 10-ம் தேதிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அறக்கட்டளைப் பதிவெல்லாம் அதற்குள் முடியாது. முதல் மூன்று மாதம் என் பென்ஷனிலிருந்து கொடுத்துவிடுகிறேன், நீ தடுக்காதே.

வியாழக்கிழமை சேலம் போகிறேன், அவளைப் பார்க்க. ஒரு விஷயம் மட்டும் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அவள் அம்மாவின் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் மணி, நேரம் எல்லாம் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துப் போகவா, டைரியோடு இங்கேயே இருக்கட்டுமா? புதன் ராத்திரிக்குள் கூப்பிட்டுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா