ஆடிப்பெருக்குக்கு முன் அண்ணனுக்கு

அண்ணே,

போனில் பேசினால் "நல்லாருக்கியா", "மழை பெஞ்சுதா", "நடவு முடிஞ்சுதா" என்பதோடு நின்றுவிடுகிறது. ஏழு வருஷமாக அப்படித்தான். அம்மா போன பிறகு நமக்கு நடுவில் பேசவும் ஆள் இல்லை. நான் இங்கே எழுதுவதை நீ படிக்கிறாய் என்று அண்ணி சொன்னாங்க. அதனால் இங்கேயே எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் படிப்பார்கள், சொந்தக்காரர்கள் படிப்பார்கள். சில இடங்களில் நிறுத்திக்கொள்வேன். நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. இந்த வருஷம், 2025-ல், ஜூன் 12-லேயே மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். இந்நேரம் நம் படித்துறையில் கடைசி மூன்று படி மறைந்திருக்கும். போன மாதம் பெரியவன் கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போனான். பிளஸ் டூ முடித்தவன், பதினேழு வயது, என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது சட்டை நனையவே இல்லை. "எல்லாரும் குளிச்சாங்கம்மா. நான் செல்போனு, செருப்பெல்லாம் பாத்துக்கிட்டேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. ஏழு பேருடைய போனையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தானாம். இறங்குடா என்று ஒருத்தன்கூட அவனைக் கூப்பிடவில்லை. அவனுக்கு நீச்சல் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் 2018 ஆடிப்பெருக்குதான்.

அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக்கொண்டிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு அப்போது மூன்று வயசு, காப்பரிசி வேண்டும் என்று என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் அவன் சப்பரம் இழுக்கிற சத்தம் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தால் சப்பரம் வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது. அவனைக் காணோம். உன் செருப்பையும் காணோம்.

செருப்புப் போடாமல் ஓடினேன். எதிரே வந்த ஒருத்தி, "மாமனும் மருமவனும் படித்தொறையில இருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. முந்தின வருஷம் பாசனத்துக்கு மேட்டூரைத் திறந்ததே அக்டோபரில்தான். 2018-ல் ஜூலை 19-லேயே திறந்து, ஊரே தண்ணீரைப் பார்த்துப் பூரித்திருந்தது. கரை முட்ட, செம்மண் நிறத்தில், ஆகாயத்தாமரையைச் சுழற்றிக்கொண்டு குடமுருட்டி ஓடுகிறது. அதில் என் பிள்ளை. முதுகில், மிதக்கட்டும் என்று உன் துண்டால் கட்டிய சுரைக்குடுக்கை. வயிற்றுக்கடியில் உன் கை. நீ கீழ்ப்படியில் இடுப்பளவுத் தண்ணீரில் காலை ஊன்றி நிற்கிறாய். அவன் காலை அடிக்கிறான், தண்ணீரைக் குடிக்கிறான், துப்புகிறான், வாய்விட்டுச் சிரிக்கிறான். பத்து வருஷம் பெற்று வளர்த்தவள் நான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறுக்காமல் போனது அந்தச் சிரிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பயம் என்றுதான் நினைத்தேன்.

அவனைத் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தேன். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, ஈர முதுகில் அறைந்தேன். பிறகு உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். பிள்ளை பெற்றவள் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை, அவ்வளவு போதும். அண்ணியிடம் நான் தனியாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுவும் இங்கே வேண்டாம்.

நீ ஒன்றும் பேசவில்லை. குடுக்கையை அவிழ்த்தாய். துண்டைப் பிழிந்து தோளில் போட்டாய். குடுக்கை ஆற்றோடு போய்விட்டது. கை நழுவிப் போனதா, நீயே விட்டுவிட்டாயா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் பக்கத்தைச் சொல்லாமல் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

2004 ஜூலை 16. கல்யாணமாகிக் கும்பகோணம் வந்து ரெண்டு மாசம்கூட நிறையவில்லை. நீ போட்டது போட்டபடி, பள்ளிக்கூடம் எரிந்த அந்தத் தெருவுக்கு ஓடினாய். என்ன பார்த்தாய் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ரெண்டு நாள் உனக்குச் சோறு இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும். 94 பிள்ளைகள், அண்ணே. ஆற்றுக்குப் போன பிள்ளைகள் இல்லை. தெருவில் ஓடித் திரிந்த பிள்ளைகளும் இல்லை. தலை சீவி, பொட்டு வைத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்துக்குள் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள். சமையல் அடுப்புத் தீ கீற்றுக் கூரையில் பிடித்துக்கொண்டது. நாலு சுவருக்குள் இருப்பதும் காவல் இல்லை என்றுதான் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்த புத்தி வேறு. என் கண்ணில் படுகிற இடம் மட்டும்தான் காவல் என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது எனக்குப் பிள்ளைகூடப் பிறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நானும் அதை நாலு குரூப்புக்கு அனுப்பினேன். அந்த மாதம்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்று அடித்தே கொன்றார்கள். அதைப் படித்த பிறகாவது நான் என் பிள்ளையை வெளியே விட்டேனா? இல்லை. கேட்டை இன்னும் இறுக்கிப் பூட்டினேன். என் மாதிரிப் பயந்தவர்கள் சேர்ந்துதான் அந்த அம்மாவைக் கொன்றார்கள் என்று புரிய எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அதே வருஷம் ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்து ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போனதும், "பாத்தியா, நான் சொல்லல?" என்று அம்மாவிடம் நியாயம் பேசினேன். முக்கொம்புக்கும் நம் படித்துறைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆனால் நாம் விளையாடிய ஆறு இப்போது இல்லை, இதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் மாசியில் ஆறு முழுக்க மணல். கிட்டிப்புள், சடுகுடு, பச்சைக்குதிரை, தாகம் எடுத்தால் கையால் ஊற்றுத் தோண்டிக் குடிப்பது. பொழுது சாய்ந்து அம்மா கொல்லையில் நின்று குரல் கொடுக்கும் வரை நம்மைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லை. இப்போது கொள்ளிடத்தில் பொக்லைன் இறங்கிய இடங்களைப் பார். முழங்கால் தண்ணீர்தானே என்று வைக்கிற அடுத்த எட்டில் ஆள் ஆழம். அந்தக் குழிகளில் பிள்ளைகள் போன செய்தி வந்தபோதெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். என் பயம் முழுக்க நானாகக் கட்டிக்கொண்டது இல்லை. "நாமெல்லாம் வளரலியா?" என்று நீ ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாய் பார், அது எனக்கு ஆகவே ஆகாது.

இங்கிலாந்தில் ஹில்மன் என்பவரும் இன்னும் சிலரும் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றி அண்மையில் படித்தேன். 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் தனியாகப் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். 1990-ல் 9 பேர். சாலையில் அடிபட்டுச் சாகிற பிள்ளைகள் குறைந்தது சாலை நல்லதாகிவிட்டதால் இல்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதால் என்று அவர்கள் சொல்கிறார்கள். படித்ததும் மடியில் ஏழு செல்போனோடு உட்கார்ந்திருந்தவன் ஞாபகம்தான் வந்தது. ஆற்றிலிருந்து அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நாளைக்கு அவன் ஹாஸ்டலில் தங்கப் போகிற ஊரில் எவனாவது விளையாட்டுக்குத் தண்ணீரில் தள்ளிவிட்டால், நீந்தத் தெரியாதவனாக அவனை அனுப்புவது நான்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லையா? இருக்கிறது. பிள்ளைகளைச் சுதந்திரமாக விடணும் என்று நீ பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் முதுகில் முதலில் குடுக்கை கட்டியவன் நீ. எட்டு வயசில் மதகிலிருந்து குதித்தேன், அக்கரையைத் தொட்டுவிட்டு உனக்கு முன்னால் திரும்புவேன். பன்னிரண்டு வயசில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வருஷம் புதுத் தண்ணீர் வந்த அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். பாவாடையோடு ரெண்டு படி இறங்கியிருப்பேன். உன் கூட்டாளிகள் நடுவில் நின்று, "ஏறு மேல. வீட்டுக்குப் போ" என்றாய். உனக்கு அப்போது பதினைந்து வயசு. யாரும் உன்னைச் சொல்லச் சொல்லவில்லை. அதோடு சரி. நான் நீந்துவேன் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நீ முப்பது வயசு வரை அந்த ஆற்றில் கிடந்தாய்.

2018-ல் நான் அவனை இழுத்தபோது வாயில் வந்ததும் அதே "ஏறு மேல"தான். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

சின்னவளுக்கு இப்போது பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் அனுப்புகிறேன். பஸ் ஏற்றிவிடுவேன், கூட வர மாட்டேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போட மாட்டேன். ஆறு இழுப்பாக ஓடினால் வாய்க்காலில் வைத்துச் சொல்லிக்கொடு, அதை உன் முடிவுக்கே விட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் வாய்க்கால் கரையில் வேறு பிள்ளைகளோடு சுற்றினால் சுற்றட்டும். ஒன்றே ஒன்று. இன்னும் ரெண்டு வருஷமோ மூன்று வருஷமோ, அவளும் பெரியவளாவாள். அதற்கடுத்த ஆடியிலும் அவள் உன் படித்துறைக்கு வருவாள். அப்போது நீ எதுவும் சொல்லக் கூடாது. ஊரில் யாராவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

தை மாசமே கொடியில் ரெண்டு சுரைக்காயை முற்ற விட்டு, மாடியில் காயப்போட்டிருக்கிறேன். விதை உதிர்ந்து உள்ளே கலகலவென்று ஆடுகிறது. அதைக் கொடுத்தனுப்புகிறேன். சின்னவளுக்கு ஒன்று போதும். பெரியவன் அறுபது கிலோ இருக்கிறான், அவனுக்கு எத்தனை கட்ட வேண்டும் என்று சொல். வேண்டுமானால் இன்னும் வாங்குகிறேன்.

உன் தங்கச்சி