கிரெகரி: கால் ஏக்கரும் குளத்துத் துருசும்

அன்பின் சிவா,

நலம், நலமறிய ஆவல். இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக, அதாவது தேசாதிபதியாக, இருந்த வில்லியம் கிரெகரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். 1872இல் இலங்கைக்கு வருமுன் அவர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் செய்ததைத் தெரிந்துகொண்டால்தான் ஆளை அளக்க முடியும்.

அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துக் காணிக்காரர் குடும்பம். 1842இல் டப்ளின் நகர உறுப்பினரானார். உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்து பட்டினியில் கிடந்தபோது, 1847ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. யாழ்ப்பாணக் கணக்கில் வெறும் 4 பரப்பு. ஐந்து ஏக்கர் குத்தகைக்காரன் கஞ்சிக்காக நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டம் கேட்டது நிலத்தை மட்டும். காணிக்காரர் பலர் வீட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். நான்கு பவுணும் அதற்குக் குறைந்த மதிப்பும் உள்ள காணிகளுக்கு நிவாரணத்துக்கான வறியோர் வரியைக் காணிக்காரரே கட்ட வேண்டியிருந்தது. சிறு குடியானவன் போனால் அந்த வரிச்சுமையும் போகும். நிலத்தை விடாதவர்கள் பசியில் செத்தார்கள். விட்டவர்களுக்கு அடுத்த போகத்தில் விதைக்க மண் இல்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே மனிதர் இங்கே 1873இல் நுவரகலாவியவை (அநுராதபுரப் பகுதி) வட மாகாணத்திலிருந்தும் தமன்கடுவையை (பொலன்னறுவைப் பகுதி) கிழக்கிலிருந்தும் பிரித்து வடமத்திய மாகாணத்தை அமைத்தார். அதுவரை அநுராதபுரத்துக் குடிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாகாண நிர்வாக அலுவலகத்தின்) கீழ்தான் இருந்தார்கள். புது மாகாணத்தின் முதல் அரசாங்க அதிபராக, அதாவது நிர்வாகத் தலைவராக, டிக்சன் வந்தார். குளத் திருத்தத்தில் கட்டுக்கு மண் போடுவது ஊராரின் வேலை, தண்ணீரைத் திறந்து மூடும் மதகான துருசு அரசாங்கத்தின் செலவு என்று ஏற்பாடு. துருசுதான் இதில் உயிர். அது இல்லாத குளத்தில் வயலுக்குத் தண்ணீர் விடக் குளத்தின் கட்டையே வெட்ட வேண்டும். வெட்டிய வாயைப் பிறகு மண் போட்டு மூடினாலும் பழைய கட்டோடு அது இறுகாது. மாரி மழையில் குளம் நிரம்பும்போது அந்த இடத்தில்தான் முதலில் கசியும், பிறகு உடைக்கும். குளம் வற்றினால் அந்த வருட நெல் போச்சு.

மனம் மாறியதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அயர்லாந்தில் நிவாரணப் பணம் அவருடைய வர்க்கத்தின் வரியிலிருந்து போனது. இங்கே கோப்பி நல்ல விலைக்குப் போய்த் திறைசேரி நிறைந்திருந்தது. சட்டம் இயற்றும் சட்டநிரூபண சபையில் அரசாங்க உத்தியோகத்தர்களே பெரும்பான்மை. உத்தியோகத்தர் அல்லாத ஆறு பேரும் நியமன உறுப்பினர்களே. தமிழருக்கு முத்துக்குமாரசுவாமி ஒருவர். வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் கிரெகரி நல்ல வேலை செய்தார் என்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

கொழும்புத் துறைமுக அலைதடுப்பு வேலையும் அவர் காலத்தில், 1875இல், தொடங்கியதுதான். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கதிர்