ஓரத்தில் இருக்கும் அந்த ‘+2’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அக்காவை அழைத்துவர டாக்சி பிடித்துச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். வருகைக் கூடத்தில் கோப்பி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றும் ஆளைக் காணவில்லை. போன் போட்டால், “டேய், நான் இன்னும் பெட்டியே மூடலடா” என்கிறார். நியூயார்க்கில் அப்போது திங்கள் மாலை!

தப்பு என்னுடையதுதான். திங்கள் இரவு பத்தரைக்குக் கிளம்பி, காலை ஐந்தரைக்கு இறங்குகிறார் என்று டிக்கெட்டில் படித்தேன். பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு ‘+2’ இருந்ததே, அதைக் கவனிக்கவில்லை. கிளம்பிய தேதிக்கு இரண்டு நாள் கழித்து என்று அதற்கு அர்த்தம், அதாவது இறங்குவது புதன்கிழமை.

இப்போது எங்கள் அம்மா அங்கே போகிறார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஏறி ஆறரைக்கு இறங்கிடலாமா, திருச்சிக்கே நாலு மணி நேரம் ஆகுதே, பரவாயில்லையே” என்று சந்தோஷப்பட்டார். பதினெட்டரை மணி நேரம் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அங்கே இப்போது கோடைக்கால நேரம், நம்மைவிட 12 மணி நேரம் பின்னால் (நவம்பரில் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 13), அதனால்தான் கிளம்பிய தேதியிலேயே இறங்குவதுபோல் தெரிகிறது. காலை மாத்திரையை எந்த ஊர்க் காலையில் போடுவது என்று கேட்டார். டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர் என்று வரும். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று சொல்லிவிட்டான் என் மகன். கணக்கு சரி, ஆனால் விமானம் அந்தக் கணக்குப்படி பறப்பதில்லை. அவனுடைய கால்பந்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தோம். சிங்கப்பூரும் நியூயார்க்கும் உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால், நூல் வட துருவத்தை ஒட்டிப் போகிறது. அதுதான் 15,300. நடைமுறையில் பல நாள் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள், ஏனென்றால் மேலே மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று, குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும், பின்னாலிருந்து தள்ளிவிடும். தூரம் கூடும், நேரம் குறையும். லண்டன் போய் வந்தவர்களுக்கும் இது தெரியும், போவதைவிட வருவது சீக்கிரம்.

இன்னொன்று, இந்த நேரடி விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டியிருப்பதால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெடுந்தூரம் பறக்கும் ஏ350 விமான ரகத்தில் 161 இருக்கைதான் வைத்திருக்கிறது. 2013இல் நிறுத்திய சேவையை 2018இல் மறுபடி தொடங்கியதும் இந்த ரகத்தால்தான். அம்மாவின் டிக்கெட் விலையைப் பார்த்தபோது எனக்கும் முகம் வாடியது, அது வேறு கதை.

நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் பயணப் பக்கத்தில் புறப்பாடு, வருகை நேரத்தோடு ‘விமானத்தில் இருக்கும் நேரம் இத்தனை மணி’ என்று ஒரு வரி, எந்தக் கிழமை இறங்குகிறார்கள் என்று எழுத்தில் ஒரு வரி, இரண்டையும் போடுங்கள். திருச்சி, சென்னைக்கும் போடலாம். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இங்கிருந்து போக ஒன்றரை மணி, திரும்பி வர ஆறரை மணி என்று நினைப்பவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள்.

ஈசூன் வாசகர்